கேர் பிளானைத் திருத்த வேண்டியது யார்?

போன வாரம் ஒரு தோழி போனில் கேட்டாள்: "எம்.டி.எஸ். பார்க்கிற நாமளேதான் கேர் பிளானையும் அப்டேட் பண்ணிக்கிட்டே இருக்கணுமா? ஃப்ளோர் நர்ஸுக்கு அதில் பங்கே கிடையாதா?" எம்.டி.எஸ். என்பது நர்சிங் ஹோமில் தங்கும் ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டிய பெரிய மதிப்பீட்டுப் படிவம். அதைப் பார்க்கிற நர்ஸ்கள் நாங்கள் இருவரும். ஃப்ளோர் நர்ஸ் என்றால் ஷிப்டில் நின்று நேரடியாகக் கவனிக்கிறவர். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். அரை மணி நேரம் பேசியும் தீரவில்லை. மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

தமிழில் நர்சிங் ஹோம் என்றதும் பத்துப் படுக்கை போட்ட தனியார் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அமெரிக்க நர்சிங் ஹோம். தனியாக இருக்க முடியாத முதியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் இடம். அவர்களை நோயாளி என்பதில்லை, ரெசிடென்ட் என்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு கேர் பிளான், அதாவது எப்படிக் கவனிக்க வேண்டும் என்று எழுதி வைத்த திட்டம், உண்டு. எழுந்து நிற்க எத்தனை பேர் துணை வேண்டும், தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டுமா, ராத்திரியில் எதற்குப் பயப்படுவார், என்ன சொன்னால் அமைதியாவார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் நடந்தது. ஒரு அம்மாவுக்கு முழங்கால் வலு குறைந்துகொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துவிட்டு, இனி அவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டும் என்று தன் குறிப்பில் எழுதினார். பணியில் இருந்த நர்ஸிடம் வாயாலும் சொன்னார். அவர் அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் சொன்னார். கேர் பிளானை மட்டும் யாரும் தொடவில்லை. நான் அப்போது வீட்டுக்குக் கிளம்பியிருந்தேன். சனிக்கிழமை காலை புதிதாக வந்த உதவியாளர் பெண் ஒருத்தி, கேர் பிளானிலிருந்து எடுத்த தாளைப் பார்த்தாள். "ஒருவர் துணை" என்று இருந்தது. தனியாக எழுப்பினாள். அம்மாவுக்குக் கால் மடங்கி, இரண்டு பேரும் தரையில் சரிந்தார்கள். எலும்பு முறியவில்லை, முழங்கையில் கன்றியதோடு போயிற்று.

விசாரணை யார் மேல் வந்தது என்கிறீர்கள்? அந்தப் பெண் மேல்தான். அவள் செய்த ஒரே தப்பு, நாங்கள் எழுதி வைத்ததை நம்பியது. திங்கட்கிழமை காலை என் மேசையில் ஒரு படிவம் கிடந்தது: கேர் பிளான் திருத்தப்பட்டதா, ஆம், இல்லை. அதை எனக்கு வைத்தவர்கள் ஒருவர்கூட, வெள்ளிக்கிழமை சாயங்காலமே அந்த ஒரு வரியை மாற்றக் கையில் கம்ப்யூட்டரோடு மூன்று பேர் இருந்தார்களே என்று யோசிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். எம்.டி.எஸ். நர்ஸ் அங்கே இருப்பது 40 மணி நேரம். மீதி 128 மணி நேரத்தில் கீழே விழுகிறார்கள், காய்ச்சல் வருகிறது, மருந்து மாறுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறார்கள். இதையெல்லாம் ஒருத்தியின் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. இந்தத் துறையின் இன்றைய விதிகளுக்கு அடிப்படை 1987-இல் வந்த மத்திய சட்டம். ரெசிடென்ட் வந்து சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் அடிப்படைத் திட்டம். 14 நாளுக்குள் முழு மதிப்பீடு. அது முடிந்த 7 நாளில் முழுத் திட்டம். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபார்வை. முழுத் திட்டத்தைத் தயாரிப்பதையும் மறுபார்வை செய்து திருத்துவதையும் ஒரு குழு செய்ய வேண்டும் என்கிறது விதி. மருத்துவர், அந்த ரெசிடென்ட்டுக்குப் பொறுப்பான பதிவுபெற்ற நர்ஸ், உணவுப் பிரிவிலிருந்து ஒருவர், முடிந்தவரை ரெசிடென்ட்டும் குடும்பமும். 2016-இல் விதிகளைத் திருத்தியபோது, நேரடியாகக் கவனித்துக்கொள்ளும் உதவியாளரையும் அந்தக் குழுவில் சேர்த்தார்கள். நடைமுறையில் என்ன ஆகிறது? எம்.டி.எஸ். படிவத்தை நிரப்புகிறவள் எப்படியும் அந்தக் கோப்பைத் திறக்கிறாள், அவளே இதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். மூன்று மாத மறுபார்வை என்பது குறைந்தபட்சக் கெடு. அதையே வழக்கமாக்கிக்கொண்டால் நடுவில் வருகிற மாற்றங்களுக்கு நாதி இல்லை.

ஆக என் கட்சி இதுதான்: மாற்றத்தை யார் கண்ணால் பார்க்கிறாரோ, அவர் அந்த ஷிப்ட் முடிவதற்குள் எழுத வேண்டும். விழுந்தால், அந்த நேரத்து நர்ஸ். தூக்கும் முறை மாறினால், தெரபிஸ்ட். முப்பது நாளில் உடல் எடை 5 சதவீதம் குறைந்தால் அது டயட்டீஷியன் பக்கம். மகன் வருவதை நிறுத்திவிட்டான், அம்மா சாப்பிட மறுக்கிறார் என்றால் சமூகப் பணியாளர். எம்.டி.எஸ். நர்ஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் படித்து, ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதை நேராக்கட்டும். அந்த வேலையே போதுமான அளவு இருக்கிறது, நம்புங்கள்.

ஆனால் "எல்லோரும் சேர்ந்து பொறுப்பு" என்று மீட்டிங்கில் அறிவித்துவிட்டுப் போகிற நிர்வாகிகளைக் கண்டால் எனக்கு ஆகாது. பொதுவில் விட்ட வேலை நடுத்தெருவில்தான் நிற்கும். எந்தப் பகுதிக்கு யார் என்று பெயர் போட்டு ஒட்ட வேண்டும். நான் பார்த்ததில் உருப்படியாக நடந்த இடத்தில், காலைக் கூட்டத்தில் முந்தைய 24 மணி நேர அறிக்கையைப் படிக்கும்போதே லேப்டாப்பில் கேர் பிளானைத் திறந்து வைப்பார்கள். ஒரு ரெசிடென்ட்டின் பெயர் வந்தால், அந்த வரி மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயர். பத்து நிமிடம் கூடுதலாகும். அவ்வளவுதான்.

ஃப்ளோர் நர்ஸ்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். இருபது முப்பது பேருக்கு மருந்து கொடுத்து, டாக்டரைக் கூப்பிட்டு, குடும்பத்துக்குப் போன் போட்டு, இதற்கு நடுவில் கேர் பிளானா? நியாயமான கோபம். நானும் அந்த மருந்து வண்டியைத் தள்ளியவள்தான். இதில் பாதிக் குற்றம் எங்களுடையது. மென்பொருளில் தயாராக இருக்கும் வாக்கியங்களை டிக் அடித்து அடித்து, ஒருவருக்கு முப்பது பக்கம் ஆக்கி வைத்திருக்கிறோம். "விழும் அபாயம் உள்ளது, அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்" என்று எல்லோருக்கும் ஒரே வரி. மணி என்றால் என்ன என்பதையே மறந்துவிட்ட டிமென்ஷியா அம்மாவுக்கும் அதே மணி! ஏட்டுச் சுரைக்காய். முப்பது பக்கத்தில் எந்த வரியை மாற்றுவது என்று தேடவே கால் மணி நேரம் என்றால் யார்தான் தொடுவார்கள்? முதலில் அதைக் குறைத்துத் தர வேண்டியது நாங்கள். பிறகு கேட்கலாம்.

உதவியாளர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே கொஞ்சம். குழுவில் அவர்களுக்கு இடம் உண்டு என்று விதி சொல்லிவிட்டது. கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர்கள் யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். யாரும் போய் அவர்களை விடுவித்து அனுப்புவதில்லை. கையெழுத்து மட்டும் பிறகு வாங்கிக்கொள்வார்கள்.

முன்னே சொன்ன அந்த அம்மா விஷயத்திலேயே, அந்த அறையை ரொம்ப நாளாகப் பார்த்து வந்த இன்னொரு உதவியாளரிடம் ஒரு வாரம் கழித்துப் பேசினேன். "கண்ணாடியை மாட்டிவிட்டுத்தான் எழுப்பணும். இல்லேன்னா தரை தெரியாம காலைப் பின்னாடி இழுத்துக்குவாங்க" என்றார். எத்தனை நாளாகத் தெரியும் என்றேன். இரண்டு வருடமாக என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவரிடம் யார் கேட்டது? அங்கேயே நின்று, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வரியைத் தட்டச்சு செய்தேன்.