‘செஞ்சு பாத்தாதான் தெரியும்’னு எழுதினவருக்கு நான் போட்ட மார்க்

ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், இன்னிக்கு எழுதிடறேன். நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அமைப்பு, கலைஞர்களுக்கும் புதுசா எதையாவது உருவாக்குறவங்களுக்கும் குடுக்குற ஃபெல்லோஷிப்புக்கு, அதாவது பண உதவிக்கு, தேர்வுக்குழுல என்னையும் உக்கார வச்சாங்க. நூத்துக்கும் மேல அப்ளிகேஷன். அதுல ஒருத்தர், சக்கர நாற்காலிய கையாலயே சுத்தி மேட்டுல ஏத்துற மாதிரி ஒரு இணைப்பு செய்யப் பாக்குறார். மூணு தடவ செஞ்சு மூணும் உடைஞ்சிருக்கு, உடைஞ்சத போட்டோ எடுத்து எந்த இடத்துல ஏன் உடைஞ்சதுன்னு கையெழுத்துல குறிச்சு அனுப்பியிருந்தார். ஃபாரத்துல ‘எதிர்பார்க்கும் விளைவு’ன்னு ஒரு பெரிய கட்டம் இருக்குமே, அதுல ஒரே வரி: செஞ்சு பாத்தாதான் தெரியும்.

அந்தக் கட்டத்துக்கு 20 மார்க். நான் போட்டது 4. அவர் முதல் சுத்துலயே வெளிய போயிட்டார்.

கடைசி சுத்து வரைக்கும் வந்ததுல ரெண்டு ப்ரொபோசல்ல ஒரு பத்தி அப்படியே வார்த்தைக்கு வார்த்த ஒண்ணா இருந்தது. காசு வாங்கிட்டு ப்ரொபோசல் எழுதிக் குடுக்குற ஒரே ஆள் ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கார். அவங்க திறமை இல்லாதவங்கன்னு நான் சொல்லல, ஆனா அந்தக் கட்டத்த எப்படி நிரப்பணும்னு தெரிஞ்ச ஒரு ஆள் அவங்களுக்கு கிடைச்சார், இவருக்கு கிடைக்கல, வித்தியாசம் அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி அந்த உடைஞ்ச இணைப்பு போட்டோவ திரும்ப எடுத்துப் பாத்தேன். அந்த 4 மார்க்க இன்னும் என்னால மறக்க முடியல.

என்ன வரும்னு முன்னாடியே தெரிஞ்சா அதுக்கு எதுக்குங்க ஃபெல்லோஷிப்? கடன வாங்கியாவது செஞ்சிடலாமே. தெரியாதத தேடிப் போறவங்களுக்குத்தான் இந்தப் பணமே. அவங்ககிட்ட போய் மூணாவது மாசம் என்ன வரும், ஆறாவது மாசம் என்ன வரும், எத்தன பேருக்கு ‘இம்பாக்ட்’னு கேட்டா அவங்க பொய்தான் எழுதணும், இல்ல எழுதாம விட்டுடணும்.

பார்பரா மெக்ளின்டாக்கோட கதை எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். மக்காச்சோளத்துல ஜீன்கள் இடம் விட்டு இடம் தாவும்னு கண்டுபிடிச்சவங்க. 1940கள்ல ஆரம்பிச்ச வேலை, அத பல பேர் ஏத்துக்கவே இல்ல, 1950கள்ல அதப் பத்தி பெருசா வெளியிடுறதயே அவங்க குறைச்சுக்கிட்டாங்க. ஆனா வேலை நிக்கல. ஏன்னா அமெரிக்காவுல கார்னகி நிறுவனம் அவங்களுக்கு கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆராய்ச்சிக்கூடத்துல நிலையா ஒரு வேலை குடுத்து வச்சிருந்தது, என்ன விளைவு வரும்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்து வருஷா வருஷம் மானியம் கேக்க வேண்டியதில்ல. 1981ல மெக்ஆர்தர் ஃபவுண்டேஷன் உதவி வந்தது, 1983ல நோபல். அதெல்லாம் வேலை முடிஞ்சு ரொம்ப காலம் கழிச்சு வந்த மரியாதை. வேலை நடக்கும்போது தாங்கினது அந்த நிலையான சம்பளம்தான்.

இதுக்கு நேர் எதிர் விஞ்ஞானி கட்டலின் கரிகோ. பின்னாடி கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ ஆராய்ச்சிக்கு கேட்ட கிராண்ட் எல்லாம் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டு, 1995ல வேலையிலயே பதவி இறக்கம். அப்புறமும் விடாம செஞ்சாங்க, 2023ல நோபல் வந்தது. இந்தக் கதைய விடாமுயற்சிக்கு உதாரணமா எல்லாரும் பகிருறாங்க. எனக்கு அதப் படிக்கும்போது வயித்தக் கலக்கும். அவங்க தாக்குப் பிடிச்சாங்க சரி, பிடிக்க முடியாம பாதியில விட்டுட்டுப் போனவங்க பேரு நமக்குத் தெரியுமா?

ஃபாரம் நிரப்புறதுக்கே எவ்வளவு உழைப்பு போகுதுன்னும் பாக்கணும். ஆஸ்திரேலியாவுல 2012ல மருத்துவ ஆராய்ச்சி மானியம் ஒரே ஒரு சுத்துக்கு வந்த 3,727 விண்ணப்பத்த கணக்குப் பண்ணினாங்க. அத தயாரிக்க ஆராய்ச்சியாளர்கள் செலவழிச்ச நேரத்த மொத்தமா கூட்டினா சுமார் 550 வருஷ உழைப்பு. அதுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தருக்குத்தான் பணம் கிடைச்சது, மீதிப் பேரோட உழைப்பு என்ன ஆச்சு? அந்த நேரத்துல அவங்க ஆராய்ச்சி பண்ணியிருக்கலாம், எழுதியிருக்கலாம், பாடியிருக்கலாம், தூங்கியாவது இருக்கலாம்.

‘பணம் குடுக்குறவன் கணக்கு கேக்க வேணாமா’ன்னு கேப்பீங்க. கேக்கணும். பணம் எங்க போச்சுன்னு கேளுங்க, முடிவு ஏன் இப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க. இது ரெண்டும் வேற வேற. 2011ல அஸூலே, கிராஃப் ஸிவின், மான்ஸோன்னு மூணு பொருளாதார அறிஞர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவோட ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் ப்ராஜெக்ட்ட பாக்காம ஆளப் பாத்து நீண்ட காலத்துக்கு பணம் குடுக்கும், ஆரம்பத் தோல்விய பெருசா எடுத்துக்காது. அரசு மானியத்துல குறுகிய கால ப்ராஜெக்ட்டா செஞ்ச, அவங்களுக்கு ஈடான விஞ்ஞானிகளோட ஒப்பிட்டா, அந்த நிறுவனத்து ஆட்கள் பெரிய தாக்கம் உண்டாக்கின கட்டுரைகள் அதிகமா எழுதியிருந்தாங்க. சொதப்பினதும் அவங்கதான் அதிகம். ரெண்டும் சேர்ந்துதான் வரும், ஒண்ண மட்டும் எடுத்துக்குறேன்னா முடியாது.

இன்னொரு வழியும் இருக்கு, சொன்னா நிறைய பேர் முகம் சுளிப்பாங்க. குலுக்கல். தகுதி இருக்கான்னு மட்டும் பாத்துட்டு, தகுதியானவங்க பேர சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுறது. நியூசிலாந்துல ஹெல்த் ரிசர்ச் கவுன்சில் 2013லயே ஒரு மானியத்துக்கு இத ஆரம்பிச்சிடுச்சு. அயர்லாந்துல 2022ல கலைஞர்களுக்கு அடிப்படை வருமானம்னு ஒரு திட்டம் தொடங்கி, தகுதியான விண்ணப்பங்கள்லருந்து குலுக்கல்லதான் 2,000 பேர எடுத்தாங்க, வாரம் 325 யூரோ, மூணு வருஷத்துக்கு. நான் தேர்வுக்குழுல உக்காந்து பாத்தவ, அதனால சொல்றேன், ஒரு அளவுக்கு மேல போனா 71 மார்க்குக்கும் 73 மார்க்குக்கும் நடுவுல எந்த அர்த்தமும் கிடையாது. மதியம் படிச்சதா, சோர்ந்து போய் சாயங்காலம் படிச்சதாங்குறதுதான் வித்தியாசம். அதுக்கு குலுக்கல் எவ்வளவோ நேர்மை. தோத்தவங்களுக்கும் ‘நான் லாயக்கில்ல’ங்குற நினைப்பு வராது.

மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் மாதிரி அப்ளை பண்ணவே முடியாத முறையும் இருக்கு. ரகசியமா யாரோ பரிந்துரைப்பாங்க, அஞ்சு வருஷத்துல 8 லட்சம் டாலர், எதுக்கு செலவழிச்சேன்னு கேக்க மாட்டாங்க. பணம் குடுக்குற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா பரிந்துரைக்கிறவங்க கண்ணுல படணும்னா நீங்க ஏற்கெனவே ஓரளவு தெரிஞ்ச ஆளா இருக்கணும், அந்த சக்கர நாற்காலிக்காரர யார் பரிந்துரைப்பா?

இன்னொண்ணு, முதல்ல நீங்க செலவு பண்ணுங்க, பில் குடுங்க, அப்புறம் தர்றோம்னு சொல்ற மானியங்கள். தயவுசெஞ்சு அத நிறுத்துங்க. கையில காசு இருக்குறவங்களுக்கு மட்டும்தான் அது மானியம்.

போன வாரம் அதே அமைப்புலருந்து திரும்ப கூப்பிட்டாங்க, இந்த வருஷமும் தேர்வுக்குழுவுக்கு வர்றீங்களான்னு. மூணு விஷயம் எழுதி அனுப்பியிருக்கேன். ‘எதிர்பார்க்கும் விளைவு’ கட்டத்த எடுத்துட்டு ‘இதுவரைக்கும் என்ன செஞ்சு பாத்தீங்க, எது சரியா வரல’ன்னு கேளுங்க. முழுத் தொகையில பாதிய முதல் நாளே குடுங்க. கடைசி சுத்த குலுக்கல்ல விடுங்க. முதல் ரெண்டுக்கும் சரின்னு பதில் வந்திருக்கு, மூணாவதுக்கு ‘பேசுவோம்’னு சொல்லியிருக்காங்க. பழைய விண்ணப்பங்கள்லருந்து அந்த சக்கர நாற்காலி இணைப்பு செஞ்சவரோட மெயில் ஐடிய தேடி எடுத்து, இந்த வருஷம் திரும்ப அனுப்பச் சொல்லி அந்த அமைப்பயே எழுத வச்சிருக்கேன். அவர் விண்ணப்பத்துக்கு நான் மார்க் போட மாட்டேன்னும் சொல்லிட்டேன். இன்னும் பதில் வரல.