கிரீஸ் நீரைத் தடுப்பதில்லை

கேமராவை நீருக்கடியில் கொண்டுபோகப் போடும் நீர்புகா உறைதான் ஹவுசிங்; அதன் மூடியின் இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையம் ஓ-ரிங். "ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸைத் தாராளமாக அப்பிவிடுங்கள், ஒரு சொட்டு நீர் புகாது, 60 மீட்டர் தாங்கும் ஹவுசிங் 10 மீட்டரில் கசியவே கசியாது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு. நம்பி இறங்கினால் கேமரா போய்விடும்.

நீரைத் தடுப்பது, ரப்பர் வளையம் நசுங்கிப் பள்ளத்தில் இறுகுவதுதான். மூடும்போது வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்கார உதவுவது மட்டுமே கிரீஸின் வேலை. விரலால் தடவியபின் வளையம் லேசாகப் பளபளத்தால் போதும். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அதிகம். அந்தப் பிசுக்கில் மணலும் துவாலை நூலும் வந்து ஒட்டும். ஒற்றைத் தலைமுடி குறுக்கே கிடந்தாலே நீருக்கு வழி கிடைத்துவிடும். தவிர, சிலிக்கோனால் ஆன வளையம் சிலிக்கோன் கிரீஸ் பட்டு உப்பிப்போவதும் உண்டு. ஹவுசிங் தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸையே வாங்குங்கள்.

ஆழக் கணக்கும் அப்படித்தான். கீழே போகப் போக நீரின் அழுத்தமே மூடியை வளையத்தின் மேல் இறுக்குகிறது. மேலே அந்த இறுக்கம் குறைவு என்பதால், சரியாக உட்காராத வளையம் முதல் சில மீட்டரிலேயே, ஏன், படகில் வைத்திருக்கும் நன்னீர்த் தொட்டியிலேயே கசியலாம். கேமரா இல்லாமல் வெறும் ஹவுசிங்கை ஒருமுறை முக்கிப் பாருங்கள். வாக்குவம் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது: ஹவுசிங்கிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, மறுபடி உள்ளே காற்று புகுகிறதா என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தால், கரையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

உப்பு நீர் புகுந்துவிட்டால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அரிசியில் புதைத்து வைத்தால் உப்பு போகாது.