மேல பளபளன்னு ஐ.எஸ்.எல்., கீழ மூச்சு வாங்குது லீக்

2014 அக்டோபர்ல ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபுட்பால் ஆரம்பிச்சப்போ, மேல பணம் வந்தா கீழயும் இறங்கும், உள்ளூர் ஃபுட்பால் தானா தலைதூக்கும்னு எல்லாரும் அடிச்சு சொன்னாங்க. நம்பினோம். பத்து வருஷம் தாண்டிடுச்சு. என்ன இறங்கிச்சுன்னு நம்ம உள்ளூர் லீக்கான சென்னை சீனியர் டிவிஷன் மேட்ச் நடக்கிற கிரவுண்டுக்கு வந்து யாராவது காட்டுங்க.

வேலை நாள், மத்தியான வெயில் மண்டையப் பிளக்கும். அந்த நேரத்துலதான் மேட்ச். கேலரில அடுத்த மேட்ச் ஆடப்போற பசங்க, நாலஞ்சு பெரியவங்க, அவ்வளவுதான். கோல் வலை கிழிஞ்ச இடத்துல கயிறு போட்டு முடிஞ்சிருப்பாங்க. பந்து அந்த ஓட்டை வழியா வெளிய போயிடும், கோலா இல்லையான்னு ரெஃப்ரிகிட்ட பத்து நிமிஷம் சண்டை. கோல்கீப்பர் ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு ஓடி வந்திருப்பான். ஹாஃப் டைம்ல தண்ணி குடிக்கிறதுக்குள்ள மேனேஜர் போன்ல கூப்பிட்டுடுவாரு. ஜெர்சிக்கு ஸ்பான்சர் கேட்டுக் கடை கடையா ஏறினா, "டிவில வருமா தம்பி?"ன்னு ஒரே கேள்வி. முன்னாடி இந்தக் கேள்விய யாரும் கேட்டதில்ல.

ஐ.எஸ்.எல்.ல ஆடின நம்ம பசங்க எங்கிருந்து வந்தாங்க? தனபால் கணேஷும் நந்தகுமார் சேகரும் வியாசர்பாடி. மைக்கேல் சூசைராஜ் தூத்தூர்ப் பக்கம், குமரிக் கடற்கரை. எந்த ஐ.எஸ்.எல். அகாடமியும் இவங்களத் தூக்கி வளர்க்கல. மண் தரையில, சாயங்கால வெளிச்சம் போற வரைக்கும் ஊர்ப் பெரியவங்க பழக்கிவிட்ட பசங்க. பழம் மட்டும் வேணும், வேருக்கு ஒரு குடம் தண்ணி ஊத்த மாட்டேன்னா எப்படி?

சென்னை சிட்டி எஃப்.சி.க்கு நடந்தத நினைச்சா இன்னும் வயிறு எரியுது. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல ஆடி, தேசிய லீக்கான ஐ-லீக்கையே 2018-19-ல ஜெயிச்ச டீம் அது. எட்வின் சிட்னி வான்ஸ்பால் மாதிரி நம்ம பசங்க அதுல ஆடினாங்க. ஜெயிச்ச அதே 2019-லதான் ஐ.எஸ்.எல். முதல் நிலை, ஐ-லீக் இரண்டாம் நிலைன்னு முடிவாச்சு. சாம்பியனுக்கு மேல போக வழியே இல்ல! ஐ-லீக் சாம்பியனா மேல ஏறிப் போன முதல் டீம் பஞ்சாப் எஃப்.சி., அதுவும் 2023-லதான். அதுக்குள்ள சென்னை சிட்டிய ஐ-லீக்லயே காணோம். கோவா டீம்களான, அஞ்சு தடவை தேசிய லீக் ஜெயிச்ச டெம்போவும், சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கிளப்பும் இப்படி ஆகப் போகுதுன்னு எதிர்த்து 2016-லயே ஐ-லீக்க விட்டு வெளிய வந்துட்டாங்க.

இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை டீம்கள் இருந்ததால எத்தனை குடும்பம் தலை நிமிர்ந்துச்சு! லீக்ல நல்லா ஆடினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. அந்த ஆள் எடுப்பு சுருங்கினதுக்கு ஐ.எஸ்.எல். மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா லீக்குக்கு மவுசு குறைஞ்சா, "எதுக்கு டீம்?"னு கேட்கிற அதிகாரிக்குச் சொல்லப் பதில் இல்லாமப் போகுது. பையன் செவன்ஸ், அதான் ஏழு பேர் டீம் டோர்னமென்ட், ஆடப் போறான். ஒரு ராத்திரிக்குக் கைல காசு வருது. கட்டாந்தரையில முட்டி லிகமென்ட் போச்சுன்னா பார்க்க நாதியில்ல.

நேஷனல் டீமுக்குக் கோல் அடிக்க ஆள் இல்லன்னு புலம்புறாங்க. 2014-ல ஐ.எஸ்.எல்.ல பதினோரு பேர்ல ஆறு வெளிநாட்டுக்காரங்க ஆடலாம்னு விதி. கோல் அடிக்கிற இடத்த அவங்களுக்குக் கொடுத்துட்டோம். ஓய்வு அறிவிச்ச சுனில் சேத்ரிய 2025 மார்ச்ல, நாற்பது வயசுல, திரும்பக் கூப்பிட்டோம். 2027 ஆசியக் கோப்பைக்கும் தகுதி பெறல. ஸ்ட்ரைக்கர் வருஷம் பூரா மேட்ச் ஆடி ஆடித்தான் வருவான். ரெண்டு மூணு மாசத்துல அவசரமா முடிக்கிற உள்ளூர் லீக்ல எங்கிருந்து வருவான்?

இதுல உச்சம், 2025 ஜூலைல ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வெச்சது. இந்திய ஃபுட்பால் சம்மேளனம் 2010-ல தனியார் கம்பெனியோட போட்ட பதினஞ்சு வருஷ ஒப்பந்தம் அப்போ முடியிற நிலையில இருந்துச்சு, புதுசு கையெழுத்தாகல. உடனே ஃபுட்பாலே நின்னு போன மாதிரி ஆயிடுச்சு. கீழ லீக் உயிரோட இருந்திருந்தா இப்படி அல்லாட வேண்டியிருக்குமா?

கேட்கிறது பெருசா ஒண்ணுமில்ல. அட்டவணைய ஒரு மாசம் முன்னாடியே போடுங்க. சாயங்காலம் லைட் வெளிச்சத்துல நடத்துங்க. ஒரு கேமராவ வெச்சு யூடியூப்ல காட்டுங்க, ஸ்பான்சர் தேடி நாங்களே போறோம். கிரவுண்டுல ஒரு ஆம்புலன்ஸ் நிக்கட்டும். கிழிஞ்ச வலைய முதல்ல மாத்துங்க.