மதர்போர்டில் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

கேமிங்குக்கு கம்ப்யூட்டர் கட்டப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டாப் மாடல் மதர்போர்டு போட்டால் எஃப்.பி.எஸ். எவ்வளவு கூடும்?" என்பதுதான். எஃப்.பி.எஸ். என்றால் கேமில் ஒரு வினாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை. கூடாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. அதே சி.பி.யு., அதே ரேம், அதே கிராபிக்ஸ் கார்டு, அதே பவர் லிமிட் (சி.பி.யு. எடுத்துக்கொள்ளக்கூடிய மின்சார வரம்பு). இப்படி வைத்துக்கொண்டு ஒரு நல்ல நடுத்தர போர்டிலும் உச்ச விலை போர்டிலும் ஒரே கேமை ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் அப்போது போர்டில் நார்த்பிரிட்ஜ் என்ற தனிச் சிப்பில் இருந்தது. போர்டு மாறினால் வேகமும் மாறும். 1998-இல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ சி.பி.யு. நினைவிருக்கிறதா? 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை (சி.பி.யு.வையும் போர்டையும் இணைக்கும் தடம்) 100-க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும். அரைப்பங்கு வேகம் கூடுதல்! அதற்கு 100 மெகாஹெர்ட்ஸில் தடுமாறாத போர்டு வேண்டும், அதனால் போர்டுக்கு அவ்வளவு மதிப்பு. பிறகு ஏ.எம்.டி. 2003-இல் அத்லான் 64 மூலமும், இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7 மூலமும் மெமரி கன்ட்ரோலரை சி.பி.யு.வுக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. இன்றைய சி.பி.யு.க்களோ தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தம் எல்லைக்குப் பக்கத்தில்தான் ஓடுகின்றன.

அப்படியானால் விலை உயர்ந்த போர்டு வீணா? இல்லை. அது விற்பது வேகத்தை அல்ல, கட்டுப்பாட்டை. சி.பி.யு.வுக்கு எவ்வளவு வோல்டேஜ் போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், ஏதாவது கோளாறு வந்தால் எங்கே என்று தெரிகிறதா, இதெல்லாம்தான் அந்தப் பணத்துக்குக் கிடைக்க வேண்டியவை. இவற்றைப் பார்க்காமல் பெட்டியில் உள்ள எண்களை வைத்து போர்டை எடைபோடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முதலில் அந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 20 ஃபேஸ் (சி.பி.யு.வுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் கிளைகள்; ஒவ்வொன்றிலும் ஒரு பவர் ஸ்டேஜ் சிப்), ஒவ்வொன்றும் 110 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். பெருக்கினால் 2,200 ஆம்பியர். ஒரு கோர் ஐ9-13900கே தன் உச்ச வரம்பான 253 வாட்டில் ஓடும்போது, 1.25 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், கேட்பது சுமார் 200 ஆம்பியர்தான். அதாவது ஒரு பவர் ஸ்டேஜுக்குப் பத்து ஆம்பியர். அதுவும் எல்லாக் கோர்களையும் கசக்கிப் பிழியும் ரெண்டரிங் வேலையில். கேமில் அவ்வளவு போகாது. ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற சிப் கேமில் 100 வாட்டைக்கூடத் தொடாது. நல்ல பவர் ஸ்டேஜ்கள் பத்துப் பன்னிரண்டு இருந்து, மேலே மொத்தமான அலுமினிய ஹீட்சிங்க் ஒழுங்காக அழுந்தி உட்கார்ந்திருந்தால் சாதாரண கூலரோடு ஓட்டுகிறவருக்கு அது தாராளம். அதற்கு மேல் உள்ளவை திரவ நைட்ரஜன் ஊற்றி உலக சாதனைக்கு முயல்கிறவர்களுக்கு. அவர்கள் மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. ஆனால் அவர்களுக்குத் தேவையானது நமக்கும் தேவை என்று ஆகிவிடாது.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? பயாஸை, அதாவது போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளை. அதிலும், நாம் ஒன்றையும் தொடாதபோது அது என்ன செய்கிறது என்பதை.

கடந்த சில வருடங்களில் நடந்தவை இதைத் தெளிவாகக் காட்டிவிட்டன. 2023-இல் சில போர்டுகளில் ரைசன் 7000 சிப்கள் கருகின. ரேமுக்கு எக்ஸ்போ புரொஃபைலை (ரேமை வேகமாக ஓட்டும் ஆயத்த செட்டிங்) போட்டதும் எஸ்.ஓ.சி. வோல்டேஜ் (சி.பி.யு.வில் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போவது) தேவைக்கு மேல் ஏறியதுதான் சிக்கல், ஏ.எம்.டி. பிறகு அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் பூட்டியது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை சிப்கள் கேம்களில் நிலைகுலைந்தன. மூல காரணங்களில் சி.பி.யு.வின் மைக்ரோகோடே (சிப்புக்குள் ஓடும் கட்டுப்பாட்டு நிரல்) உண்டு. ஆனால் இன்டெல் வரிசைப்படுத்திய காரணங்களில் ஒன்று, போர்டுகள் தன் பவர் வழிகாட்டலை மீறி அமைத்த செட்டிங்குகள். ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோட், சிப் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதையே தடுத்தது. வாரண்டியை இரண்டு வருடம் நீட்டவும் செய்தார்கள்.

பவர் லிமிட்டைத் திறந்துவிடுவது நம் விருப்பமாக இருந்தால் அது ஓவர்கிளாக்கிங், அதாவது சிப்பை அதன் வரையறைக்கு மேல் ஓட்டுவது. ரிவியூவில் இரண்டு சதவீதம் முந்துவதற்காக போர்டு தானாகவே திறந்துவிட்டு, அதை 'ஆட்டோ' என்ற பெயரில் மறைத்தால், அது பயனாளியின் சிப்பை வைத்து ஆடும் ஆட்டம். எத்தனை ஃபேஸ் இருந்தாலும் அந்த போர்டுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

அடுத்தது லோட் லைன் காலிபரேஷன் (எல்.எல்.சி.), லோடு ஏறும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்கலாம் என்று வைக்கும் செட்டிங். பயாஸில் 1.30 வோல்ட் வைக்கிறோம். லோடு ஏறியதும் அது இறங்கும். இறங்க வேண்டும், அது வடிவமைப்பிலேயே உள்ளது. 1.1 மில்லி ஓம் லோட் லைனில் 100 ஆம்பியர் ஓடினால் இறக்கம் 0.11 வோல்ட். இந்த இறக்கத்தைப் பிடிக்காமல் பலர் எல்.எல்.சி.யை உச்ச லெவலில் வைத்து, திரையில் எண் அசையாமல் நிற்பதைப் பார்த்து மகிழ்கிறார்கள். லோடு சட்டென்று விலகும் அந்தக் கணத்தில் வோல்டேஜ் வைத்த அளவையும் தாண்டி மேலே துள்ளும். மென்பொருள் அவ்வளவு வேகமாகப் படிப்பதில்லை, ஆஸிலோஸ்கோப்பில்தான் தெரியும். நல்ல போர்டின் பயாஸில் ஒவ்வொரு லெவலுக்கும் என்ன பொருள் என்று வரைபடம் இருக்கும். வோல்டேஜை சாக்கெட்டின் பின்பக்கத்தில் அளக்காமல் சிப்பின் டை-யிலிருந்தே (உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு) அளந்து காட்டும் வசதியும் இருக்கும். இந்த இரண்டுக்கும் நான் கூடுதல் பணம் தரத் தயார். வெளியில் தெரியாத விஷயங்கள் என்பதால் விளம்பரத்தில் இவை வருவதே இல்லை.

ரேம் விஷயத்தில் நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கையும் நிரப்பாதீர்கள். ரைசன் 7000-க்கு ஏ.எம்.டி. அதிகாரபூர்வமாகச் சொல்வது, இரண்டு ஸ்டிக் என்றால் டி.டி.ஆர்.5-5200, நான்கு போட்டால் 3600. எவ்வளவு விலை கொடுத்து போர்டு வாங்கினாலும் நான்கு ஸ்டிக்கின் பாரம் சி.பி.யு.வுக்குள் உள்ள கன்ட்ரோலர் மேல்தான் விழும். ரேம் ஓவர்கிளாக்கிங்தான் உங்கள் ஆசை என்றால் இரண்டே ஸ்லாட் உள்ள போர்டுகளைத் தேடுங்கள். வழித்தடம் குட்டை, சிக்னல் சுத்தம்.

எஸ்.எஸ்.டி. மாட்டும் எம்.2 ஸ்லாட்டுகளிலும் ஒரு பொறி உண்டு. ஐந்து ஸ்லாட் என்று எழுதியிருக்கும். இன்டெலின் 12 முதல் 14-ஆம் தலைமுறை சிப்களிலிருந்து நேராக வருவது 16 பி.சி.ஐ.இ. 5.0 லேன்களும் (கிராபிக்ஸ் கார்டும் எஸ்.எஸ்.டி.யும் பயன்படுத்தும் தரவுத் தடங்கள்) 4 பி.சி.ஐ.இ. 4.0 லேன்களும் மட்டுமே. அதனால் 5.0 எஸ்.எஸ்.டி.க்கான ஸ்லாட்டை நிரப்பினால் பல போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டு எக்ஸ்16-லிருந்து எக்ஸ்8-க்கு இறங்கிவிடும். கேமில் அதனால் பெரிய நஷ்டமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? கையேட்டில் லேன் பிளாக் டயகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போடாத நிறுவனத்தின் போர்டை நான் வாங்குவதில்லை.

ஒரு மூலையில் இருக்கும் இரட்டை இலக்க டீபக் டிஸ்ப்ளேயை (போர்டு தொடங்கும்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணால் காட்டுவது) மட்டும் எப்போதும் சிபாரிசு செய்வேன். ரேம் டைமிங்கை இறுக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்கிறோம், திரை கறுப்பு. டி.டி.ஆர்.5 மெமரி டிரெய்னிங் (ரேமோடு ஒத்துப்போகும் அமைப்பை போர்டு தானே தேடிப் பார்ப்பது) சில நிமிடம்கூட எடுக்கும். அது டிரெய்னிங்கா, தோல்வியா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. டிஸ்ப்ளேயில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். 55-இல் நின்றுவிட்டால் பெரும்பாலான போர்டுகளில் மெமரி கண்டறியப்படவில்லை என்று அர்த்தம், ஸ்டிக்கைக் கழற்றி மாட்டலாம். பின்புறம் பயாஸ் செட்டிங்கை அழித்து பழைய நிலைக்குக் கொண்டுவரும் கிளியர் சி.மாஸ். பட்டனும், சி.பி.யு.வே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டனும் இருந்தால் பெட்டியைத் திறக்காமலே மீண்டுவிடலாம். ஓவர்கிளாக் செய்கிறவருக்கு ஹீட்சிங்க் மேல் ஒளிரும் குட்டித் திரையைவிட இவை எத்தனையோ மடங்கு பயன்படும்.

ரிவியூ செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பத்து கேமின் பார் சார்ட் போட்டு, பத்திலும் ஒரே உயரத்தில் கோடுகள் நிற்பதைக் காட்ட வேண்டாம். பயாஸை டீஃபால்ட்டில் விட்டு, பவர் லிமிட் என்ன, லோடில் சிப்புக்குப் போகும் வோல்டேஜ் என்ன, எக்ஸ்.எம்.பி. (எக்ஸ்போ போன்றதே, இன்டெலுடையது) அல்லது எக்ஸ்போ போட்டதும் எந்தெந்த வோல்டேஜ் சொல்லாமல் ஏறுகிறது என்று அளந்து ஒரு அட்டவணை போடுங்கள். பயாஸ் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் அதே அளவுகளை மறுபடியும் எடுங்கள். ஒரு போர்டை வாங்கலாமா வேண்டாமா என்று அந்த அட்டவணையை வைத்தே நான் முடிவெடுத்துவிடுவேன்.