‘ஆட’வுக்கும் ‘வாட’வுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம்

‘உன்னைக் கண்டு நான் ஆட’ வெறும் தீபாவளிக் குதூகலப் பாட்டு, ‘உன்னைக் கண்டு நான் வாட’ என்ற சோகப் பாட்டு பிற்பாடு யாரோ மெட்டைக் கடன் வாங்கி எழுதியது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை. இரண்டுமே 1959-இல் வந்த ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ படத்தில் இருப்பவை. இரண்டையும் எழுதியது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், இசை ஏ.எம். ராஜா. உல்லாசப் பாட்டு சுசீலா குரலில் வரும், சோகப் பாட்டை ராஜாவே பாடினார்.

பட்டுக்கோட்டையார் செய்திருப்பதைக் கொஞ்சம் பாருங்கள். ‘ஆட’வுக்கு முன்னால் ஒரு ‘வ’ வந்து ஒட்டிக்கொள்கிறது, ‘வாட’ ஆகிவிடுகிறது. அவ்வளவுதான், மெட்டு அப்படியே இருக்கிறது. முதல் பாட்டில் ஊரே கூடி மகிழும் நேரம் என்று வந்த இடத்தில், சோகப் பாட்டில் ஊருக்கு வாய்த்த ஆனந்தம் நமக்குத் தூரம் என்று வரும். நேரம், தூரம்! அக்காவுக்காகக் காதலை விட்டுக்கொடுத்தவள் ஒரு பக்கம், அந்த அக்காவையே மணந்து நிற்பவன் மறுபக்கம். அவர்களுக்குத் தீபாவளி வேறு எப்படி இருக்கும்? சோகப் பாட்டை ஒட்டுப்போட்டது என்று தள்ளிவிட்டால், படத்தின் பாதி வலியே போய்விடும். இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை கேளுங்கள்.