ஒரு பிளக் கறுப்பு, ஒரு பிளக் வெள்ளை: ஜெட்டை மாற்றாதீர்கள்

'ராஜ்தூத் 350-இல் ஒரு பிளக் கறுத்து, மற்றது வெளுத்திருந்தால், வெளுத்த பக்கத்து கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் பெரிதாகப் போடுங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு. ராஜ்தூத் 350 இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக்; சிலிண்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக், ஒரு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்). பொதுவாக பிளக் கறுத்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு.

இரண்டு கார்புரேட்டருக்கும் ஒரே அளவு மெயின் ஜெட்தான் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளை). சர்வீஸ் மேனுவலிலேயே பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறினால் அங்கே ஏதோ கோளாறு. மேலும், மெயின் ஜெட் வேலை செய்வது முக்கால் திராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டர் திறப்பு) மேல். ஊருக்குள் ஓட்டிவிட்டுக் கழற்றிய பிளக்கின் நிறம் குறைந்த திராட்டிலுக்கான பைலட் ஜெட்டையும் நடுத் திராட்டிலுக்கான ஊசியையும்தான் காட்டும்.

முதலில் பிளக்குகளை இடம் மாற்றி ஓட்டுங்கள். கறுப்பு பிளக்கோடு போனால் பிளக்தான் கெட்டது. அதே சிலிண்டரில் நின்றால் சோக் பிளஞ்சர் (குளிரில் ஸ்டார்ட் செய்ய கூடுதல் பெட்ரோல் விடும் தண்டு) முழுதாக இறங்குகிறதா, அந்தப் பக்கத்தில் ஃப்ளோட் (கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உயரம் சரியா, பாயின்ட் (பொறி எழும் நேரத்தில் திறக்கும் மின் சுவிட்ச்) நன்றாக இருந்து பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள்.

வெளுத்த பக்கம்தான் ஆபத்து. ஐடிலில் கார்புரேட்டர் ரப்பர் மூட்டின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஆர்பிஎம் மாறினால் காற்று கசிகிறது. மூட்டு நன்றாக இருந்தால் பைலட் ஜெட் அடைத்திருக்கிறதா, பிறகு கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் முனையில் காற்று புகாமல் அடைக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்க, அதாவது ஜெனரேட்டர் பக்க சீல் தேய்ந்தால் காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். பெரிய ஜெட் போட்டு இதை மறைத்தால் கசிவு அப்படியே இருக்கும். குறைந்த திராட்டிலில் சூடு குறையவே குறையாது.

அந்தத் தகவல் உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்ப வேண்டாம்.