தீ வைக்கத் தெரிஞ்சவங்கள ஓரங்கட்டிட்டு காட்ட காப்பாத்த முடியுமா?

காட்டுல எவனும் தீ வைக்கக்கூடாதுன்னு ஒரு சட்டத்த போட்டுட்டா காடு பொழச்சுக்கும்னுதான் நெறைய பேரு நம்பிட்டு இருக்கோம். கர்நாடகாவுல பிலிகிரிரங்கன மலைய பாருங்க. அங்க சோளகர் பழங்குடி ஜனங்க காலங்காலமா, வெயில் ஏறி காடு நல்லா காஞ்சு போறதுக்கு முன்னாடியே சருகுக்கு தீ வச்சு விடுவாங்க, அது தரையோட தரையா எரிஞ்சு அடங்கிடும், பெரிய மரத்துக்கு ஒண்ணும் ஆகாது, உண்ணிச்செடி (லாண்டனாங்கற, வெளிநாட்டுலேந்து வந்து பரவுற புதர்) குட்டியா இருக்கப்பவே கருகிடும், அப்புறம் புதுப்புல்லு வரும், மான் மேயும். நெல்லிமரத்துல புல்லுருவி ஏறாம இருக்கவும் இந்த தீ வேணும்னு அவங்க பெரியவங்க சொல்றாங்க.

1974ல சரணாலயம்னு அறிவிச்சாங்க. தீயும் நின்னுச்சு. இப்ப அங்க உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மேல புதரா மண்டிக் கெடக்கு, கோடையில ஒரு பொறி பட்டா போதும், தரையில போக வேண்டிய தீ மரத்து உச்சிக்கு ஏறிடும்.

இது இங்க மட்டும் நடந்த கூத்து இல்ல. அமெரிக்காவுல எந்த காட்டுத்தீயா இருந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள்ள அடக்கணும்னு 1935ல ஒரு கொள்கையே வச்சாங்க, கலிஃபோர்னியாவுல கரூக், யூரோக் பூர்வகுடி மக்கள் வழக்கமா வைக்கிற தீய அதுக்கு முன்னாடியே குத்தமாக்கிட்டாங்க, எரிய வேண்டியதெல்லாம் பல வருஷமா சேந்துக்கிட்டே போச்சு. ஆஸ்திரேலியாவுல ஆர்னெம் லேண்ட்ல மட்டும் 2006லயே கொஞ்சம் புத்தி வந்து, பூர்வகுடிகளே முன்கூட்டி சின்ன சின்னதா எரிக்கிறாங்க, பெரிய தீ கொறஞ்சு புகையும் கொறையறதால கார்பன் கணக்குல காசும் வருது.

நம்மூர் அதிகாரிங்க என்ன பண்றாங்கன்னா, ஒரு ஒர்க்‌ஷாப் போட்டு சோளகர கூப்பிட்டு பேச வச்சு, ரிப்போர்ட்ல "பாரம்பரிய அறிவு"ன்னு ஒரு சாப்டர் சேத்துடுவாங்க. முடிவு எடுக்கறது மட்டும் ஆபீஸ்ல. 2006 வன உரிமைச் சட்டப்படி 2011ல அங்க கிராம சபைகளுக்கு சமூக வன உரிமை, அதாவது காட்ட ஊரே சேந்து பயன்படுத்தி பாத்துக்கற உரிமை, கெடச்சுது, சந்தோஷம், ஆனா வனவிலங்குச் சட்டம் 30வது பிரிவு சரணாலயத்துல தீ வைக்கறத இன்னமும் தடை பண்ணுதே! ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்காரங்க எரிச்சா அது தீ பரவாம இருக்க போடற தீத்தடுப்புக் கோடு, சோளகர் எரிச்சா கேஸ்.

ஒடனே போய் கொளுத்துங்கன்னு சொல்லல, இவ்ளோ புதர் சேந்த பெறகு பழைய மாதிரி வச்சா மொத்தமும் போயிடும். மொதல்ல கையால வெட்டி வேரோட எடுக்கணும், அந்த வேலைக்கு அவங்களுக்கே கூலி குடுக்கணும். அப்புறம் ஒரு சின்ன பகுதிய கிராம சபைகிட்ட விடுங்க, எப்ப எரிக்கணும், எங்க எரிக்கக்கூடாதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும், டிபார்ட்மென்ட் கூட நின்னு பாக்கட்டும்.